குடல் அழற்சி நோயும் விடாத மருந்தும்: டர்பன் தமிழர்கள் கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு மருந்துக்கடையில் 22 ஆண்டுகளாக மருந்தாளுநராக இருக்கிறேன். குடல் அழற்சி நோய் வகைகளான பெருங்குடல் புண் நோய்க்கும் க்ரோன் நோய்க்கும் மருந்து வாங்க வருபவர்களில் தமிழ் பேசுகிறவர்கள் பலர்: இங்கேயே பிறந்து வளர்ந்த பெரியவர்கள், கோயில் பணிக்கு வந்த குருக்கள்மார், கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த பிள்ளைகள். மற்ற வாடிக்கையாளர்கள் போகும்வரை காத்திருந்து, கவுண்டர் ஓரமாக வந்து குரலைத் தாழ்த்தி அவர்கள் கேட்கிற கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். என் அம்மாவுக்கும் பெருங்குடல் புண் நோய் உண்டு. அவர் சம்மதத்தோடு அவர் கதையும் இதில் வருகிறது. மருந்தின் அளவை மாற்றுவதோ நிறுத்துவதோ உங்கள் மருத்துவரோடு பேசி எடுக்க வேண்டிய முடிவு. அந்தப் பேச்சுக்கு நீங்கள் தயாராகப் போக வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

வயிற்றுப்போக்குக்கு ஏன் ஆயுள் முழுக்க மருந்து?

இது சாதாரண வயிற்றுப்போக்கு அன்று. கிருமியை எதிர்க்க வேண்டிய உடம்பின் பாதுகாப்புப் படை, சொந்தக் குடலின் உள்சுவரையே தாக்கிப் புண்ணாக்குகிறது. பெருங்குடல் புண் நோய் மலக்குடலில் தொடங்கிப் பெருங்குடலில் மேல்நோக்கித் தொடர்ச்சியாகப் பரவும். க்ரோன் நோய் வாயிலிருந்து ஆசனவாய்வரை எங்கு வேண்டுமானாலும் விட்டுவிட்டு வரும், சுவரின் ஆழம்வரை போகும். புண்ணோ இரத்தமோ இல்லாமல் வயிற்றை மட்டும் கலக்குகிற எரிச்சல் குடல் வேறு. அதற்கு இந்த மருந்துகள் இல்லை.

மருந்து இந்த நோயை வேரோடு பிடுங்குவதில்லை. அடக்கி வைக்கிறது. நீறு பூத்த நெருப்பு என்று சொல்வோமே, நலமாக இருக்கும் மாதங்களில் குடல் அப்படித்தான் இருக்கிறது.

இரத்தம் நின்று ஆறு மாதம் ஆகிறது. நன்றாகத்தான் இருக்கிறேன். இன்னும் எதற்கு மாத்திரை?

நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். கேட்காமலே நிறுத்தியவர்கள் அதைவிட அதிகம்.

நலமாக இருப்பதால் மாத்திரை வேண்டாம் என்று தோன்றுகிறது. மாத்திரை எடுப்பதால்தான் நலமாக இருக்கிறீர்கள் என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. தலைவலி மாத்திரை வேலை செய்தால் அரை மணியில் தெரியும். இந்த மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அடையாளமே எதுவும் நடக்காமல் இருப்பதுதான். நிறுத்திய மறுநாளும் ஒன்றும் ஆகாது, மறுவாரமும் ஆகாது. சிலருக்கு மூன்று மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட ஒன்றும் ஆகாமல் போகும். அந்த இடைவெளிதான் ஆளை ஏமாற்றுகிறது.

2003இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வை நான் பலருக்கும் சொல்வதுண்டு. பெருங்குடல் புண் நோய் அடங்கி, குடல் அழற்சியைத் தணிக்கும் மெசலசின் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்த 99 பேரை இரண்டு ஆண்டுகள் கவனித்தார்கள். ஒழுங்காக எடுத்தவர்களுக்கு நோய் அடங்கியே இருக்கும் வாய்ப்பு 89 சதவீதம். எடுக்காமல் விட்டவர்களுக்கு 39 சதவீதம். விட்டவர்களுக்கு நோய் திரும்பும் ஆபத்து ஐந்து மடங்குக்கும் மேல். அந்த ஆய்வில் "ஒழுங்காக எடுத்தவர்" என்று யாரைக் கணக்கிட்டார்கள் தெரியுமா? கொடுத்த மருந்தில் 80 சதவீதமாவது எடுத்தவரை. நூற்றுக்கு நூறு யாரும் கேட்கவில்லை. மாதத்தில் இரண்டு வேளை மறந்துவிட்டோம், எல்லாம் பாழ் என்று மனம் தளர்ந்து அடியோடு விட்டுவிடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. குடலில் ஆண்டுக்கணக்கில் அழற்சி நீடித்தால் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடும். அதனால்தான் நோய் தொடங்கி ஏறக்குறைய எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, நலமாக இருப்பவருக்கும் கொலோனோஸ்கோபி (கேமரா குழாயால் பெருங்குடலைப் பார்ப்பது) செய்து பார்க்கச் சொல்கிறார்கள்.

உள்ளே நெருப்பு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டால், மலத்தில் கால்புரொடெக்டின் என்ற, அழற்சியைக் காட்டும் புரதத்தின் அளவு பார்க்கும் பரிசோதனையைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அறிகுறி தெரியும் முன்பே அந்த அளவு ஏறிவிடுவதுண்டு. மருந்தைக் குறைக்கலாமா என்ற பேச்சை அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவது நல்லது.

மாத்திரை அப்படியே முழுசாக வெளியே வந்துவிட்டது. உடம்பில் ஒட்டாத மருந்தா இது?

இந்தக் கேள்வியை என் அம்மா கேட்டிருந்தால் ஒரு மருத்துவமனை வாசம் தவிர்ந்திருக்கும்.

அம்மா பிறந்தது மேகசின் பேரக்ஸில். டர்பன் மாநகராட்சியில் வேலை செய்த நம் ஆட்கள் நெருக்கியடித்து வாழ்ந்த குடியிருப்பு அது. பல குடும்பங்களுக்குப் பொதுவாகக் கழிப்பறை. வயிற்று விஷயத்தை வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்று அந்தக் காலத்திலேயே படிந்துபோன பழக்கம், 1960களில் சாட்ஸ்வொர்த்துக்குக் குடிபெயர்க்கப்பட்ட பிறகும் மாறவில்லை. பெருங்குடல் புண் என்று தெரிந்து மெசலசின் தொடங்கியபோது மாதாமாதம் நானே மருந்தை எடுத்துக்கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன். எடுக்கிறீர்களா அம்மா என்று கேட்டால், "எடுக்கிறேன் கண்ணு" என்பார்.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு இரத்தப்போக்கோடு அவரை மருத்துவமனையில் சேர்த்தோம். மாற்றுச் சேலை எடுக்க வீட்டுக்கு வந்தேன். அலமாரியில் சேலைகளுக்கு அடியில் பழைய பிஸ்கட் டின் ஒன்று கனமாக இருந்தது. திறந்தேன். நான் கொண்டுவந்து கொடுத்த பெட்டிகள், ஒன்றின்மேல் ஒன்றாக, ஏழு. கடையின் லேபிளில் என் கையெழுத்து. ஒரு பெட்டியில் மட்டும் ஒரு அட்டை பாதி பிரிந்திருந்தது.

பிறகு மெல்லக் கேட்டபோது சொன்னார். ஒருநாள் கழிப்பறையில் மாத்திரை முழுசாகக் கிடந்ததைப் பார்த்திருக்கிறார். நம் உடம்புக்கு இது சேரவில்லை என்று நினைத்திருக்கிறார். மகள் மருந்தாளுநர், அவளிடம் சொன்னால் மனம் நோகும் என்று ஒளித்து வைத்திருக்கிறார்.

நடந்தது இதுதான். மெசலசின் வயிற்றில் கரைந்துவிடாமல் குடலின் கீழ்ப்பகுதியில் போய் வேலை செய்ய வேண்டும் என்பதற்காக மாத்திரையின் மேல் ஒரு பூச்சு பூசுகிறார்கள். மருந்து வெளியேறிய பிறகு சிலசமயம் வெறும் கூடு மட்டும் மலத்தில் வரும். பார்த்தால் முழு மாத்திரை போலவே இருக்கும். எப்போதோ ஒருமுறை என்றால் பயப்பட வேண்டாம். அடிக்கடி வந்தாலோ, அழுத்திப் பார்க்கையில் உள்ளே கெட்டியாக இருந்தாலோ சொல்லுங்கள், வேறு வகை மெசலசினுக்கு மாற்றலாம். இதே காரணத்தால்தான் இந்த மாத்திரையை உடைக்கவோ, மெல்லவோ, பொடிக்கவோ கூடாது.

வாங்கியதும் விழுங்கியதும் ஒன்றல்ல என்பதை நான் தொழில் கற்ற இடத்தில் கற்கவில்லை, அந்த டின்னில் கற்றேன். இப்போது யாரிடமும் "எடுக்கிறீர்களா?" என்று கேட்பதில்லை. "போன வாரத்தில் எத்தனை நாள் விட்டுப்போனது?" என்று கேட்கிறேன். பதில் வருகிறது.

காலை இரண்டு, மதியம் இரண்டு, இரவு இரண்டு. வேலைக்குப் போகிறவரால் எப்படி முடியும்?

பெரும்பாலும் தேவையே இல்லை. பெருங்குடல் புண் நோயை அடக்கி வைக்கும் காலத்தில், மெசலசினை நாள் முழுவதற்கும் சேர்த்து ஒரே வேளையில் எடுப்பது பிரித்து எடுப்பதற்குச் சமமாகவே பலன் தருகிறது என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. பழைய சீட்டையே திரும்பத் திரும்ப எழுதி வருகிறார்கள் என்றால் "ஒரே வேளையாக மாற்றலாமா, டாக்டர்?" என்று கேளுங்கள். மாத்திரை பெரிதாகத் தொண்டையில் சிக்குகிறது என்றால் குருணையாகப் பொட்டலத்தில் வருவதும் உண்டு.

நேரத்தை நினைவில் வைப்பதைவிட ஒரு வேலையோடு கட்டிவிடுவது எளிது. அம்மா இப்போது காலையில் சாமி விளக்கேற்றிய கையோடு எடுக்கிறார். மாத்திரைப் பெட்டி தீப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு வேளை மறந்தால் நினைவு வந்ததும் எடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், இரட்டிப்பாக வேண்டாம்.

எனிமா கொடுத்திருக்கிறார்கள். வெட்கமாக இருக்கிறது, உள்ளேயும் நிற்பதில்லை.

எனிமா என்பது ஆசனவாய் வழியே செலுத்தும் திரவ மருந்து. மலக்குடலிலும் அதற்குச் சற்று மேலேயும் இருக்கும் புண்ணுக்கு மருந்து நேராகப் போய்ச் சேரும் வழி இதுதான். வாய்வழி மெசலசினோடு இதையும் சேர்த்தால் வெறும் மாத்திரையைவிட நல்ல பலன் கிடைக்கிறது. வெட்கத்தால் இதை விடுபவர்கள் ஏராளம். என் கடையில் அதிகமாக மறுமுறை வாங்கப்படாமல் போகிற மருந்து இதுவே.

செய்யும் விதத்தைச் சொல்கிறேன். தூங்கப் போகும்முன் கழிப்பறை போய்வாருங்கள். பாட்டிலைக் கையில் சிறிது நேரம் வைத்திருந்தோ வெதுவெதுப்பான நீரில் நிறுத்தியோ சில்லிப்பை எடுத்துவிடுங்கள். சில்லென்று போனால் குடல் உடனே வெளியே தள்ளும். நன்றாகக் குலுக்குங்கள். பழைய துண்டு ஒன்றை விரித்து இடப்பக்கமாகப் படுத்து, இடக்காலை நீட்டி வலக்காலை மடக்குங்கள். முனையில் கொஞ்சம் வாசலின் தடவி, மெதுவாகச் செலுத்தி, அவசரப்படாமல் பிழியுங்கள். அப்படியே அரை மணி படுத்திருங்கள். முதல் வாரம் பத்து நிமிடத்தில் ஓட வேண்டிவரலாம். புண் ஆற ஆறத் தாங்கும் நேரம் கூடும். தொடக்கத்தில் நிற்கவேயில்லை என்றால் நுரையாகவோ ஆசனவாயில் வைக்கும் மாத்திரையாகவோ மாற்றிக் கேளுங்கள்.

ஸ்டீராய்டு நல்லதில்லை என்கிறார்கள். நிறுத்திவிட்டேன்.

இன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டை மூன்று வாரத்துக்கு மேல் எடுத்தவர் திடீரென்று நிறுத்தக்கூடாது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வருவதால் உடம்பு தன் சொந்தச் சுரப்பைக் குறைத்திருக்கும். சட்டென்று நிறுத்தினால் இரத்த அழுத்தம் சரிந்து, வாந்தியும் மயக்கமுமாக உயிருக்கே ஆபத்தாகலாம். படிப்படியாகத்தான் இறங்க வேண்டும்.

உங்கள் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. முகம் உப்புகிறது, தூக்கம் போகிறது, சர்க்கரை ஏறுகிறது, எலும்பு தேய்கிறது. வீட்டுக்கு வீடு சர்க்கரை நோய் இருக்கிற நம் சமூகத்தில் இது சின்ன விஷயமில்லை. ஸ்டீராய்டு வெள்ளத்துக்குப் போடும் மணல்மூட்டை போன்றது. நெருப்பு மூண்டபோது சில வாரங்கள் உதவும், நிரந்தரமாக வைத்துக்கொள்ள முடியாது. ஆண்டுக்கு இரண்டு முறை ஸ்டீராய்டு தேவைப்படுகிறது என்றால் அடிப்படை மருந்து போதவில்லை என்று பொருள். அதை மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.

அசாத்தியோபிரின் மூன்று வாரமாக எடுக்கிறேன். ஒன்றும் தெரியவில்லையே?

மூன்று வாரம் போதாது. உடம்பின் பாதுகாப்புப் படையை அடக்கும் இது மெதுவாக ஏறும் மருந்து. பலன் தெரிய இரண்டிலிருந்து மூன்று மாதம் ஆகும், சிலருக்கு அதற்கும் மேல். இதைச் சொல்லாமல் கொடுத்தால் நோயாளி நிறுத்தத்தான் செய்வார், அவரைக் குறை சொல்ல முடியாது.

இரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். வெள்ளையணுக்களும் கல்லீரலும் எப்படி இருக்கின்றன என்று தொடக்கத்தில் அடிக்கடியும், பிறகு ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பார்ப்பார்கள். கடும் வயிற்றுவலி முதுகுவரை பரவினால், காய்ச்சல் வந்தால், தொண்டை புண்ணானால் காத்திருக்க வேண்டாம். டர்பன் வெயிலில் தொப்பியும் சன்ஸ்கிரீனும் இல்லாமல் போகாதீர்கள். தோல் புற்றுநோய் வாய்ப்பை இந்த மருந்து சற்றுக் கூட்டுகிறது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். யூரிக் அமிலத்துக்காக அலோபியூரினால் எடுக்கிறீர்களா? அசாத்தியோபிரினோடு அது சேர்ந்தால், உடம்பில் அசாத்தியோபிரினின் வீரியம் பல மடங்காகி எலும்பு மஜ்ஜையை முடக்கிவிடும். கௌட் மூட்டுவலிக்கு ஒரு டாக்டர், குடலுக்கு ஒரு டாக்டர் என்று பார்ப்பவர்கள் எல்லா மருந்துப் பெட்டிகளையும் ஒரே பையில் போட்டு இரண்டு இடத்துக்கும் எடுத்துப் போங்கள்.

தைப்பூசக் காவடிக்கு விரதம். புரட்டாசியில் சைவம். மருந்தை என்ன செய்வது?

கிளேர்வுட் முருகன் கோயிலுக்குக் காவடி எடுத்த ஒரு தம்பி, பத்து நாள் விரதத்தில் மருந்தையும் சேர்த்து விட்டுவிட்டு மூன்றாம் வாரம் என் கடைக்கு வெளிறிப்போய் வந்தார். மருந்து உணவாகாது. விரதத்தைக் கெடுக்காது. உங்கள் குருக்களிடமே கேட்டுப் பாருங்கள், நான் கேட்டவர்கள் எல்லோரும் இதைத்தான் சொன்னார்கள்.

ஒருவேளை உணவு என்றால் மாத்திரையை அந்த வேளைக்கு மாற்றிக்கொள்ளலாம். பிரெட்னிசோனை வெறும் வயிற்றில் எடுக்காதீர்கள். பகல் முழுதும் தண்ணீர்கூட இல்லாமல் வெயிலில் நடக்கும் விரதம், நோய் அடங்காத காலத்தில் வேண்டாம். மெசலசின் சிலருக்குச் சிறுநீரகத்தைப் பாதிக்கும், அதற்காகவே ஆண்டுதோறும் இரத்தம் பார்க்கிறார்கள். நீரும் வற்றினால் சுமை கூடும். அந்த ஆண்டு காவடிக்குப் பதில் பால்குடம், அதுவும் முடியாவிட்டால் அன்னதானத்தில் ஒரு கை. முருகன் கணக்குப் பார்க்க மாட்டான்.

கேப்ஸ்யூல் பற்றிய தயக்கம் உண்மையானது. அதன் மேலுறை பெரும்பாலும் ஜெலட்டின், மாடு அல்லது பன்றியின் எலும்பிலும் தோலிலும் இருந்து எடுப்பது. இதனால் ஒரு மாதம் மருந்தையே விடுபவர்கள் இருக்கிறார்கள். வாய் திறந்து கேளுங்கள். பல மருந்துகளுக்கு ஜெலட்டின் இல்லாத மாத்திரை உண்டு. பெட்டிக்குள் இருக்கும் தாளைப் படித்துச் சொல்வது எங்கள் வேலை.

மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பு) பணம் வருடம் முடியும் முன்பே தீர்ந்துவிடுகிறது.

உங்கள் நோயைத் திட்டத்தில் பதிவு செய்யாததால் இருக்கலாம். தென்னாப்பிரிக்காவின் 1998ஆம் ஆண்டு மருத்துவத் திட்டச் சட்டத்தின்கீழ், எல்லாத் திட்டங்களும் கட்டாயம் ஏற்க வேண்டிய நீண்டகால நோய்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. க்ரோன் நோயும் பெருங்குடல் புண் நோயும் அதில் இருக்கின்றன. மிகக் குறைந்த கட்டணத் திட்டமானாலும் விலக்கு இல்லை. ஆனால் தானாக நடக்காது. மருத்துவர் நீண்டகால மருந்துக்கான விண்ணப்பத்தை நிரப்பி, நோய்க்குரிய குறியீட்டோடு அனுப்ப வேண்டும். க்ரோனுக்கு கே50, பெருங்குடல் புண்ணுக்கு கே51. அனுப்பாவிட்டால் மருந்தின் விலை உங்கள் அன்றாடச் சேமிப்புக் கணக்கிலிருந்து போய்க்கொண்டே இருக்கும், பாதி வருடத்தில் காலியாகிவிடும்.

திட்டத்தின் மருந்துப் பட்டியலில் இல்லாததை எழுதினால் கையிலிருந்து மீதி கட்ட வேண்டும். உயிரியல் ஊசிகளுக்கு (உயிருள்ள செல்களில் தயாராகும் மருந்துகள்) தனி அனுமதி வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதல் மறுப்போடு விட்டுவிடாதீர்கள்.

அரசு மருத்துவமனையில் மருந்து வாங்குபவர்களுக்கு நாள் முழுதும் வரிசையில் நிற்பதே மருந்தை விடக் காரணமாகிறது. அரைநாள் கூலி போய்விடுகிறதே. நோய் நிலையாக இருப்பவர்கள் வீட்டுக்குப் பக்கத்தில் மருந்து எடுத்துக்கொள்ளும் அரசுத் திட்டம் 2014 முதல் இருக்கிறது. எல்லா மருந்தும் அதில் கிடைக்காது. உங்களுடையது கிடைக்குமா என்று கிளினிக்கில் கேட்டு வையுங்கள். எங்கும் பொது விதி ஒன்று: தொடர் சீட்டு ஆறு மாதத்துக்கு மேல் செல்லாது. ஐந்தாம் மாதமே அடுத்த சந்திப்புக்கு நாள் குறியுங்கள்.

இந்த மாதம் மாத்திரை வேறு நிறத்தில் இருக்கிறது.

2003 முதல், அதே மருந்து விலை குறைந்த ஜெனரிக்காக (வேறு நிறுவனம் செய்யும் அதே மருந்தாக) இருந்தால் அதை உங்களுக்குச் சொல்லி மாற்றிக் கொடுக்கச் சட்டம் எங்களைக் கட்டாயப்படுத்துகிறது. வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. சந்தேகம் வந்தால் நிறுத்தாமல் கடைக்குத் தொலைபேசியில் கேளுங்கள்.

ஊசி எட்டு வாரத்துக்கு ஒருமுறை. நன்றாக இருந்தால் பத்து, பன்னிரண்டு வாரமாகத் தள்ளலாமா?

நீங்களாகத் தள்ளாதீர்கள். இன்ஃப்ளிக்சிமாப் என்ற உயிரியல் ஊசி தொடக்கத்தில் 0, 2, 6 வாரங்களிலும் பிறகு எட்டு வாரத்துக்கு ஒருமுறையும் ஏற்றப்படுகிறது. இடைவெளி நீண்டு மருந்தின் அளவு இரத்தத்தில் குறைந்தால், உடம்பு அதையே அந்நியமாகப் பார்த்து எதிர்ப்பொருள் உண்டாக்கும். அடுத்தமுறை ஒவ்வாமை வரலாம், மருந்து வேலை செய்யாமலே போகலாம். மாத்திரையை விட்டுவிட்டு மறுபடி தொடங்குவது போன்றதல்ல இது. ஒரு நல்ல மருந்தையே நிரந்தரமாக இழக்க நேரலாம்.

இந்த ஊசிகளுக்கு முன் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம். காசநோய் இவ்வளவு பரவியிருக்கும் நாட்டில் உறங்கிக் கிடக்கும் கிருமியை இந்த மருந்து எழுப்பிவிடக்கூடும். தொடங்கிய பிறகும் இருமல் நீடித்தால், இரவில் வியர்த்துக் கொட்டினால், எடை இறங்கினால் உடனே சொல்லுங்கள்.

வீட்டில் போட்டுக்கொள்ளும் அடாலிமுமாப் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும், உறையக்கூடாது. மின்வெட்டு நாட்களில் இது எத்தனை பேரைத் தூங்கவிடாமல் செய்தது என்று எனக்குத் தெரியும். அடாலிமுமாபின் ஒரு பிராண்டான ஹுமிராவின் ஊசிப் பேனாவை 25 டிகிரிக்கு மேல் போகாத இடத்தில் 14 நாள்வரை வெளியே வைக்கலாம் என்று உற்பத்தியாளர் அனுமதிக்கிறார். ஆனால் ஜனவரியில் டர்பன் வீட்டுக்குள்ளேயே 25 தாண்டிவிடும். குளிர்பெட்டியும் ஐஸ் பையும் தயாராக வையுங்கள். ஐஸ் நேராக ஊசியைத் தொடாமல் துணி சுற்றுங்கள்.

2021 ஜூலைக் கலவரத்தில் நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் மருந்துக்கடைகள் பல சூறையாடப்பட்டன. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் சாலைகள் அறுந்தன. இரண்டு முறையும் கையிருப்பு இல்லாதவர்கள்தான் தவித்தார்கள். மாதாமாதம் இரண்டு நாள் முன்னதாகவே மாத்திரையை வாங்குங்கள், பெரும்பாலான திட்டங்கள் இதை அனுமதிக்கின்றன. ஏழெட்டு மாதத்தில் இரண்டு வார இருப்பு தானாகச் சேரும்.

கஷாயம், மஞ்சள்?

மஞ்சளின் குர்க்குமினை மெசலசினோடு சேர்த்துக் கொடுத்துப் பலன் கண்ட சிறிய ஆய்வுகள் இருக்கின்றன. "சேர்த்து" என்பதைக் கவனியுங்கள். மருந்துக்குப் பதிலாகக் கொடுத்துப் பார்த்தவை அல்ல அவை. கஷாயம் குடிக்கிறீர்கள் என்றால் மறைக்காமல் சொல்லுங்கள். மாதத்துக்கு ஒருமுறை பேதிக்கு எடுத்து வயிற்றைச் சுத்தம் செய்யும் பழைய வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள், புண்ணான குடல் அதைத் தாங்காது.

அதைவிட எனக்குக் கவலை தருவது வலி மருந்து. முட்டி வலிக்கு ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், தலைவலிக்குக் கிராண்ட்பா பொடி என்று எந்தக் கடையிலும் கிடைக்கிறது. அந்தப் பொடியில் ஆஸ்பிரின் இருக்கிறது. ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வகையைச் சேர்ந்தவை அடங்கிய நோயைக் கிளப்பிவிடக்கூடும். ஆஸ்பிரினும் இரத்தப்போக்கைக் கூட்டலாம். வலிக்குப் பாராசிட்டமால் போதும். இதயத்துக்காக மருத்துவர் எழுதிய ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள், கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

கர்ப்பமாக இருக்கிறேன். எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்கிறார் மாமியார்.

மெசலசின், அசாத்தியோபிரின், பெரும்பாலான ஊசிகள் ஆகியவற்றைக் கர்ப்பத்திலும் தொடர்வதே வழக்கம். குழந்தைக்குப் பெரிய ஆபத்து மூண்டெழுந்த நோய்தான். மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்து கூடவே கூடாது, கருத்தரிக்கும் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். அதை எடுத்துக்கொண்டிருக்கும்போது கர்ப்பமானால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். மெசலசினுக்கு உறவான பழைய மருந்து சல்ஃபாசலசின் எடுப்பவருக்குக் கூடுதல் ஃபோலிக் அமிலம் தேவை.

ஆண்களுக்கும் ஒன்று. சல்ஃபாசலசின் விந்தணு எண்ணிக்கையைக் குறைக்கும். நிறுத்தினால் இரண்டு மூன்று மாதத்தில் திரும்பிவிடும். இதை யாரும் சொல்லாததால் இரகசியமாக மருந்தை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். மெசலசினுக்கு மாற்றிக்கொண்டால் தீர்ந்தது. சிறுநீர் ஆரஞ்சு நிறமாவதும் இந்த மருந்தால்தான், பயம் வேண்டாம்.

மாமியாரை அடுத்த சந்திப்புக்குக் கூட அழைத்துப் போங்கள். மருத்துவர் வாயால் கேட்டால் அவரே நேரத்துக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பார். அப்படி மாறிய மாமியார்களை எனக்குத் தெரியும்.

எப்போது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

ஒரு நாளில் ஆறு முறையோ அதற்கு மேலோ இரத்தத்தோடு போனால், அதோடு காய்ச்சலோ நிமிடத்துக்கு 90க்கு மேல் நாடித் துடிப்போ இருந்தால், காலைவரை காத்திருக்காதீர்கள். வயிறு உப்பிக் கல்லாகிவிட்டாலும், வாந்தியோடு மலமும் காற்றும் அடைபட்டாலும் அப்படியே. வயிற்றுப்போக்கை அடக்கும் லோப்பரமைடு போட்டு நிறுத்தப் பார்க்க வேண்டாம்.

மருந்தை விட்டுவிட்டேன் என்று சொன்னால் டாக்டர் திட்டுவாரே?

சிலர் திட்டுவார்கள். இருந்தாலும் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் மருந்து பலிக்கவில்லை என்று எண்ணி அடுத்த படிக்கு, இன்னும் கடுமையான மருந்துக்குப் போய்விடுவார். நீங்கள் எடுக்காத மருந்து தோற்றதாகக் கணக்கில் ஏறிவிடும்.

நீண்டகால நோய்களில் வளர்ந்த நாடுகளிலேயே பாதிப்பேர்தான் மருந்தை ஒழுங்காக எடுக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003இல் சொன்னது. காத்திருப்பு அறையில் உங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும் விட்டவராக இருக்கலாம். சொல்ல வரவில்லை என்றால் இப்படித் தொடங்குங்கள்: "டாக்டர், மார்ச்சிலிருந்து நான் எடுக்கவில்லை. இதனால்தான் நிறுத்தினேன்." காரணம்தான் முக்கியம். விலையா, பயமா, மறதியா, வெட்கமா என்று தெரிந்தால் ஒவ்வொன்றுக்கும் செய்ய ஏதாவது இருக்கிறது.

வீட்டில் சேர்ந்துபோன மாத்திரைகளை என்ன செய்வது?

எடுத்துக்கொண்டு கடைக்கு வாருங்கள். கழிப்பறையில் கொட்டாதீர்கள், உறவினருக்குக் கொடுக்காதீர்கள். தேதி பார்த்து, பயன்படுவதையும் அழிக்க வேண்டியதையும் பிரித்துக் காட்டுவோம். எந்த மருந்தை எந்த அளவில் மறுபடி தொடங்குவது என்று உங்கள் மருத்துவரிடம் நானே பேசுவேன். நீங்களாக விட்ட இடத்திலிருந்து தொடங்காதீர்கள், அசாத்தியோபிரினை நிச்சயமாக வேண்டாம். பையைத் துண்டால் மூடி மறைத்துக் கொண்டுவர வேண்டியதில்லை. ஏழு பெட்டி இருந்தாலும் கொண்டுவாருங்கள்.